இறங்கிய பின்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஓவியம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை, அதன் வலது மூலையைத்தான் பார்க்கிறார்கள். அங்கே ஒரு தலைப்பு எழுதி, அதை டர்பன்டைன் போட்டுத் துடைத்து, துடைத்த அழுக்கின் மேலேயே இன்னொரு தலைப்பு எழுதியிருக்கிறது. "என்ன டீச்சர், டிராயிங் டீச்சர் வீட்டுலயே இப்படியா?" என்று கேட்காதவர் இல்லை. "அது அப்படித்தான், காப்பி ஆறுது பாருங்க" என்று சொல்லிவிடுவேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழியில் இருக்கிற பொட்டலில் ஏதோ பொருட்காட்சிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

அரிமளத்துப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. எனக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஒன்று. வரைகிற படத்துக்கெல்லாம் மூலையில் தமிழில் அழகாக ஒரு பெயர் எழுதாவிட்டால் கை அடங்காது என்பது இன்னொன்று. கரண்டு ஆபீசில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், "ஒனக்குப் படம் சுமார்தான், பேரு பிரமாதம்" என்பார். கல்யாணமான புதிதில் இந்த ஒரு வார்த்தைக்காக அவரோடு நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில் அந்தப் பொட்டலுக்கு சர்க்கஸ் வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது புதுக்கோட்டைக்கு வந்த சர்க்கஸில் யானை பந்து உதைத்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார். யானைச் சாணம், மரத்தூள், அப்பா தலையில் தேய்த்திருந்த தேங்காய் எண்ணெய், இந்த மூன்று வாசமும் சேர்ந்ததுதான் எனக்கு சர்க்கஸ். இப்போது வந்த சர்க்கஸில் யானையும் இல்லை, புலியும் இல்லை. மிருகங்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆன பிறகு மனிதர்கள்தான் மிச்சம்.

எங்கள் தலைமையாசிரியருக்கு மைக் என்றால் உயிர். சர்க்கஸ் வந்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. "டீச்சர், இந்தத் தடவை ஆண்டு விழாவுக்கு சர்க்கஸ் ஓவியக் கண்காட்சி போட்டுருவோம். அந்த மேனேஜரையே கூப்பிட்டுக் குத்துவிளக்கு ஏத்தச் சொல்லுவோம்" என்றார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அங்கே இல்லாத சிங்கத்தையெல்லாம் வரைந்து தள்ளினார்கள். நான் ஊஞ்சல் ஆட்டத்தை வரையலாம் என்று போனேன்.

அந்த ஆட்டத்தை ஒரு புருஷனும் பெண்சாதியும்தான் செய்தார்கள். கூடார உச்சியில் எதிரெதிராக இரண்டு ஊஞ்சல்கள். அவர் ஒன்றில் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்குவார். அவள் இன்னொன்றிலிருந்து கையை விட்டுவிட்டு, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அவர் கையைப் பிடிப்பாள். கீழே ஒரு வலை. எத்தனையோ தடவை பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போய், அங்கே தூணில் ஆடுகிற பெண்ணின் கைவீச்சைக் காட்டி வரையச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கை எனக்குத் தூக்கத்திலும் வரும். அந்த தைரியத்தில்தான் போனேன். ஆனால் சுவரில் இருப்பவள் நிற்பாள், இவள் நிற்கவில்லையே! கண்ணை மூடித் திறப்பதற்குள் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போய்விடுகிறாள். காகிதத்தில் வெறும் கிறுக்கல்தான் மிஞ்சியது. கோபத்தில் பென்சிலை வீசிவிட்டேன்.

அது உருண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டது. எடுக்கப் போனபோதுதான் அவளைப் பக்கத்தில் பார்த்தேன். சேற்றில் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். ஜிகினா உடுப்பு உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது. "காயவே மாட்டேங்குதா?" என்று கேட்டேன். "மேல போனாக் காத்துல காஞ்சிரும் டீச்சர், அதுக்குத்தான இவ்வளவு ஒயரத்துல கட்டியிருக்கோம்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். மைக்கில் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றி விட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆட்டம் முடிந்து திரும்பி வந்தவள் செருப்பைப் போட்டாள், சிரிப்பைக் கழற்றிவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நான் வரைய வேண்டிய படம் திரைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். என்னை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பபூன் வேஷம் போடுகிறவர் மண்வெட்டியால் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக்கொண்டே இருப்பார். வெட்டி முடிக்கும்போது அடுத்த மழை வந்துவிடும். கட்டில்களைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள், அடியில் தண்ணீர் ஓடியது. மழை வலுத்தால் ஆட்டம் கிடையாது. தூறலாக இருந்தால் ஆட்டம் உண்டு, ஆனால் பார்க்க ஆள் இருக்காது. காலி பெஞ்சுகளுக்கு முன்னால் அதே குட்டிக்கரணம், அதே கும்பிடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலு பேருக்காக எதுக்கும்மா உசுரைக் குடுக்குறீங்க?" என்று அவளிடம் கேட்டேன். "நாலு பேருன்னாலும் ஒயரம் அதே ஒயரம்தான டீச்சர்" என்றாள்.

அவர்கள் பிள்ளை அவளுடைய அம்மா வீட்டில் இருந்து படித்தது. சாயங்காலம் சாம்பார் சட்டிமேல் போனைச் சாய்த்து வைத்து, வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தப் பிள்ளையை வாய்ப்பாடு சொல்லச் சொல்வாள். பிள்ளை திணறினால் பக்கத்தில் படுத்திருக்கும் அவள் புருஷன் மெதுவாக விடையை எடுத்துக் கொடுப்பார். "நீங்க சும்மா இருங்க" என்று அவரை அதட்டுவாள். அவர் அதிகம் பேசாத மனிதர். தரையில் நடக்கும்போது எதையோ தொலைத்தவர் போல நடப்பார். ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கும்போதுதான் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து வந்ததும் அவர் ஒரு டிரங்குப் பெட்டிமேல் சட்டையில்லாமல் உட்கார்ந்தார். அவள் பின்னால் நின்று, உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, அவர் வலது தோளில் ஒத்தடம் கொடுத்தாள். அப்புறம் ஒரு பழைய சேலைக் கிழிசலால் தோளை இறுக்கிக் கட்டினாள். "என்னாச்சுங்க?" என்றேன். "மழைக்குப் புடிச்சிருச்சு" என்றார். அவ்வளவுதான். நான் அதை வரைந்தேன். அவரை முன்னால், அவளைப் பின்னால். அவள் முகத்தில் என்ன இருந்ததோ அதை அப்படியே வரைந்தேன். என்ன இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்தால் கை ஓடாது.

வீட்டுக்கு வந்து எண்ணெய் வண்ணத்தில் பெரிதாகப் போட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வாழ்க்கையில் நன்றாக வந்த ஒரே படம் அதுதான். என் வீட்டுக்காரரே வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது சுமார் இல்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்தவர்கள் தரையில் என்ன பாடு படுகிறார்கள் என்பதுதானே படம்? மூலையில் என் முத்தான எழுத்தில் "இறங்கிய பின்" என்று எழுதினேன். பெயரும் பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்காட்சிக்கு முன்னால் அவளுக்குக் காட்ட வேண்டாமா? மழைக்கோட்டில் சுற்றி, வீட்டுக்காரரின் பைக்கில் பின்னால் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்குக் கொண்டுபோனேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படத்தைப் பிரித்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. "அய்யே, என் கிழிஞ்ச சேலை! அதைக்கூட விடலையா டீச்சர் நீங்க?" என்றாள். "இவரு தொப்பையைக் கொறைச்சிருக்கலாம்ல?" என்றாள். அப்புறம் மூலைக்குக் குனிந்தாள். கூடாரத்துக்குள்ளேயே எழுத்துக் கற்றவள், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். படித்து முடித்ததும் அவள் முகம் வெளிறிப்போய்விட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"யாரு டீச்சர் சொன்னா ஒங்ககிட்ட?"

"என்னத்தைம்மா சொன்னா?"

"அவரு எறங்குனதை."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? தெனமும்தான எறங்குறாரு. நாங்க டிக்கெட் எடுத்துல்ல பாக்குறோம்!"

அவள் என்னையே பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று புரிந்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் சொன்னாள். சர்க்கஸில் "விழுந்தான்" என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்களாம். எடுத்தால் அது நடந்துவிடும் என்று ஒரு பயம். அதனால் யாராவது மேலேயிருந்து விழுந்துவிட்டால் "எறங்கிட்டான்" என்றுதான் சொல்வார்களாம். சும்மா ஆட்டம் முடிந்து வந்தால் அதற்கு வேறு சொல், "கீழ வந்தாச்சு". "சின்னப் புள்ளைலேருந்து எங்க வாயில அப்படித்தான் டீச்சர். பஸ்ஸுலேருந்துகூட நாங்க எறங்க மாட்டோம், கீழதான் வருவோம்" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்ப, இவரு?"

"எறங்கிட்டாரு. போன ஊருல. வெடியக்காலைல நாங்க ரெண்டு பேரும் மட்டும் பழகிக்கிட்டிருந்தோம். வலை ஓரத்துல வந்து, கம்பத்துல தோள் அடிச்சிருச்சு. யாருக்கும் தெரியாது."

அந்தத் தோளோடுதான் அவர் தினமும் அவளைப் பிடிக்கிறார். மேனேஜருக்குத் தெரிந்தால் மறு நிமிஷம் ஊஞ்சலை விட்டு எடுத்துவிடுவார். அந்த மேனேஜர்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து குத்துவிளக்கு ஏற்றி, இந்தப் படத்தின் முன்னால் நிற்கப்போகிறார். அவர் அந்தத் தலைப்பைப் படித்தால் போதும்.

கோபம் வந்துவிட்டது எனக்கு. "ஏம்மா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அந்தக் கை வழுக்குனா போறது ஒன் உசுருல்ல! பெத்த புள்ளை ஒண்ணு அங்கிட்டு வாய்ப்பாடு படிச்சுக்கிட்டு இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

"மெதுவா பேசுங்க டீச்சர்" என்று என் வாயைப் பொத்தப் பார்த்தாள். "அந்தக் கம்பியை விட்டா அவருக்கு ஒண்ணுமே இல்ல. நான் பயப்படுறேன்னு தெரிஞ்சாலே மனுசன் ஒடஞ்சு போயிருவாரு. மேல போறப்ப ஒவ்வொரு நாளும் என் கண்ணு மொதல்ல அந்தத் தோளுக்குத்தான் போகுது. ஆனா அவரு மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுட்டுத்தான் கையை விடுறேன். இந்தப் பேரை மட்டும் அழிச்சிருங்க டீச்சர். ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்."

கும்பிட்டவளை என்ன செய்வது? வீட்டுக்கு வந்து துடைத்தேன். வண்ணம் முழுசாகக் காயாததால் போய்விட்டது, அழுக்காக ஒரு திட்டு மட்டும் நின்றது. மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "படம் போட்டமா, வந்தமான்னு இல்லாம ஒனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சொல்லாம இருந்து ஏதாவது ஆயிருச்சுன்னா?" என்றார். அதுதான் எனக்கும். சொன்னால் அவர் போச்சு. சொல்லாவிட்டால் அவள் போச்சு. சோறு இறங்கவில்லை. ஒரு சாயங்கால ஆட்டத்துக்குப் போனேன், அவள் கையை விடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கைதட்டல் கேட்ட பிறகுதான் திறந்தேன். இனிமேல் இந்தப் பக்கமே வருவதில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். கண்காட்சி முடிந்ததும் அவளையே மேனேஜரிடம் இழுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வைத்துவிடுவது என்று ஒரு முடிவும் செய்திருந்தேன். அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

கண்காட்சி அன்று வெயில் அடித்தது. மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து விளக்கேற்றினார். அவளும் அவரும் பபூனும்கூட வந்திருந்தார்கள். பிள்ளைகள் பபூனைச் சூழ்ந்துகொண்டார்கள். மேனேஜர் ஒவ்வொரு சிங்கமாகப் பார்த்து ரசித்துக்கொண்டு வந்தார். அவளுடைய புருஷன் மட்டும் என் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

நின்றவர் நகரவே இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அன்னைக்கி இவ மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாங்க."

"நெசமாவா? இல்ல, படத்துக்காகச் சேத்ததா?"

"நான் எதையும் சேக்கலைங்க. பாத்ததைத்தான் போட்டேன்."

"எனக்குப் பின்னாலதான நிப்பா" என்றார். "நான் பாத்ததே இல்ல."

அவர் சொன்ன பிறகுதான் நானும் அந்த முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். துணியை இறுக்குகிற கை ஒரு பக்கம் இருக்க, கண் தோளில் இல்லை. மேலே, கூடாரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பயம் அந்தக் கண்ணில். அவர் முன்னால் வரும்போதெல்லாம் சிரிப்பை மாட்டிக்கொண்டு மறைத்தது அவ்வளவும் அங்கே இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் மைக்கோடு வந்து சேர்ந்தார், மேனேஜரையும் கூட்டிக்கொண்டு. "என்ன டீச்சர், எல்லாப் படத்துக்கும் பேர் இருக்கு, உங்க படத்துக்கு மட்டும் காணோம்? ஏதோ எழுதி அழிச்ச மாதிரியில்ல இருக்கு?" என்றார். அவள் என் முழங்கையை இறுகப் பிடித்தாள், நகம் பதிந்தது. "அது வந்து சார்... இன்னும் யோசிக்கலை..." என்று இழுத்தேன். "பேர் இல்லாம எப்படி? இப்பவே ஒண்ணு சொல்லுங்க, மைக்ல அறிவிச்சிருவோம்" என்றார் அவர். பேர் வைப்பதில் புலி என்று பெயரெடுத்த எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"நான் சொல்லட்டுங்களா?" என்றார் அவளுடைய புருஷன்.

"தாராளமா! படத்துல இருக்கறவரே சொன்னா இன்னும் விசேஷம்."

அவர் மைக்கைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். பிறகு மேனேஜரின் பக்கம் திரும்பினார்.

"'எறங்கிட்டேன்'னு எழுதச் சொல்லுங்க."

மேனேஜரின் தலை வெடுக்கென்று திரும்பியது.

"ஆமாண்ணே. நான் எறங்கிட்டேன். போன ஊருலயே."

"இறங்கிட்டேன்! ஆகா, என்ன பொருத்தமான தலைப்பு!" என்று எங்கள் தலைமையாசிரியர் மைக்கில் முழங்கினார். "மாணவர்களே, எல்லாரும் ஜோராக் கைதட்டுங்க!" பிள்ளைகள் தட்டினார்கள் பாருங்கள் ஒரு தட்டு, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பபூன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். மேனேஜர் அவர் கிட்டே போய், "எந்தக் கைடா?" என்றார். அவர் காட்டினார். மேனேஜர் அதைத் தொட்டும் தொடாமலும் பார்த்தார். "படுபாவி, இந்தக் கையை வச்சுக்கிட்டாடா அந்தப் புள்ளையப் புடிச்ச?" என்றார். சொல்லும்போதே மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னாலும் முடியவில்லை, அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தலைமையாசிரியர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மைக்கில் அறிவித்த தலைப்பை எழுதாமல் விட முடியுமா? துடைத்த திட்டின் மேலேயே எழுதினேன். என் எழுத்து அவ்வளவு கோணலாக எப்போதும் வந்ததில்லை.

அதன் பிறகு சில நாள் ஊஞ்சல் ஆட்டம் கிடையாது. மேனேஜர் அவரை அனுப்பிவிடவில்லை, வலையைக் கட்டிப் பார்த்துக்கொள்கிற பொறுப்பைக் கொடுத்தார். ஆட்டக்காரர்களில் இன்னொருவர் பிடிக்கிறவராக மேலே ஏறினார். காலையில் பழகும்போது நான் போய்ப் பார்த்தேன். அவள் ஊஞ்சலில் ஆடுவாள், ஆடுவாள், கையை விடமாட்டாள். "புதுக் கையை எப்படி டீச்சர் நம்புறது?" என்றாள். கீழேயிருந்து அவர் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். "இப்ப... இல்ல, அடுத்த ஆட்டத்துக்கு... ம், இப்ப விடு." ஒரு நாள் விட்டாள்.

படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கூடாரத்துல நனைஞ்சிரும் டீச்சர். ஒங்க வீட்டுச் சுவத்துல இருந்தா நாங்களும் ஒரு வீட்டுல இருந்த மாதிரி இருக்கும்" என்றாள். இப்போது கூடத்தில் இருப்பது அப்படித்தான்.

கடைசி நாள் மத்தியான ஆட்டத்துக்கு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். வலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். பெஞ்சு ஓரளவுக்கு நிறைந்திருந்தது. அவள் மேலே ஏறினாள். அவர் வலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். அவள் ஒரு தடவை கீழே பார்த்தாள். முகத்தில் மாட்டிய சிரிப்பு இல்லை, பயம் அப்படியே தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். அவள் கையை விட்டாள். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிப் புதுக் கையைப் பிடித்தாள், திரும்பி ஊஞ்சலுக்குப் போனாள். பிறகு, ஆட்டம் முடிந்தால் எப்போதும் செய்வது போல, மல்லாந்து வலையில் விழுந்து, குதித்து, ஓரத்துக்கு உருண்டு வந்தாள்.

அவர் நல்ல கையை நீட்டி அவளைத் தரையில் நிறுத்தினார். எங்களுக்குப் பக்கத்தில்தான்.

"எறங்கிட்டியா?" என்று கேட்டார்.

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, "எறங்கிட்டேன்" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "எதுக்கு அழுகுற? அதான் நல்லபடியா எறங்கிட்டாள்ல" என்றார்.